அயான் சேனலும் மூளை வீக்கமும் ஆராய்ச்சி பண்றவங்களுக்கு, அரூர் மெடிக்கல்ல இருந்து ஒரு திறந்த மடல்

பெங்களூரு, சென்னை, வேலூர்னு எங்கெங்கயோ லேப்ல உக்காந்து மூளைய காவல் காக்கற மைக்ரோகிளியா செல்லையும், அதுல சோடியம், பொட்டாசியம் எல்லாம் போய் வர்ற வழியான அயான் சேனலையும் நோண்டிட்டு இருக்கற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்ங்க.

நான் தர்மபுரி மாவட்டம் அரூர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன். டி.பார்ம் படிச்ச ஆளு, அதுக்கு மேல படிப்பு கெடையாது, ஆனா நீங்க கண்டுபிடிக்கறது எல்லாம் கடைசில ஒரு மாத்திரை அட்டையா எந்த கவுன்ட்டருக்கு வந்து சேரணுமோ அந்த கவுன்ட்டருக்கு பின்னாடி நிக்கறவன் நான்தான், அந்த உரிமைல எழுதறேன். ராத்திரி கடை சாத்துனதுக்கு அப்புறம் உங்க பேப்பர் சுருக்கத்த எல்லாம் போன்ல படிப்பேன், பாதி புரியும், மீதிக்கு தெரிஞ்ச டாக்டர் ஒருத்தருக்கு வாட்ஸ்ஆப் போட்டு அவர தொந்தரவு பண்ணுவேன், அவரும் பாவம் பொறுமையா பதில் போடுவாரு.

கேக்க வந்தது ஒன்னே ஒன்னு, அத மொதல்லயே சொல்லிடறேன். உங்க சேனல் ஆராய்ச்சில பெரும்பங்கு அல்சைமர், ஸ்ட்ரோக், பார்க்கின்சன்னு போகுது, போகட்டும், வயசானவங்க எங்க ஊர்லயும் இருக்காங்க. ஆனா எங்க பக்கம் ஃபிட்ஸ் வர்றதுக்கு ஒரு முக்கிய காரணம் நாடாப்புழுவோட முட்டை. அது மூளைக்குள்ள போய் கட்டியாகி, அந்த புழு சாகறப்போ சுத்தி ஒரு வீக்கம் வருது பாருங்க, அந்த வீக்கத்துக்குள்ள எந்த சேனல் என்ன ஆகுது, எத அடைச்சா வலிப்பு நிக்கும்னு ஒழுங்கா பாத்து சொல்லுங்க. இதுக்குதான் இவ்ளோ நீட்டி எழுதறேன்.

எங்க கடைல வலிப்பு மாத்திரைக்குன்னே தனி ராக். ஃபெனிடாயின், கார்பமாஸிபைன், வால்ப்ரோயேட், குளோபசாம், இப்போ கொஞ்ச வருசமா லெவிடிராசிட்டம் ஜாஸ்தியா போகுது. இதுல ஃபெனிடாயின் வலிப்புக்கு கேக்கும்னு மெரிட், புட்னம்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க சொன்னது 1938ல. சொதந்திரம் வாங்கறதுக்கு முன்னாடி வந்த மருந்த சித்தேரி மலைல இருந்து எறங்கி வர்ற பெரியவரு இன்னைக்கும் பேர் சொல்லி கேட்டு வாங்கிட்டு போறாரு. கொற சொல்லல, நல்ல மருந்து, வெல கம்மி. ஆனா அது என்ன வேல பண்ணுதுன்னு தெரிஞ்சுகிட்டா நான் கேக்கறது ஏன்னு புரியும், உங்களுக்கு தெரியும், இத படிக்கற எங்க ஊர்க்காரங்களுக்காக சொல்றேன்.

நரம்பு செல்லுக்கு வெளில சோடியம் ஜாஸ்தி, உள்ள பொட்டாசியம் ஜாஸ்தி. செல்லோட தோல்ல ஏரி மதகு மாதிரி தொறந்து மூடற வழி இருக்கு, அதுதான் சேனல். சோடியத்துக்கு தனி வழி, பொட்டாசியத்துக்கு தனி, கால்சியத்துக்கு தனி. சோடியம் வழி தொறந்தா வெளில இருக்கறது உள்ள பாயும், அடுத்து பொட்டாசியம் வெளில போகும், இதுதான் நரம்புல ஓடற கரண்ட். கணவாய் மீனோட தடிச்ச நரம்புல வச்சு ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லினு ரெண்டு பேரு 1952ல இத கணக்கோட எழுதி காமிச்சாங்க, 1963ல நோபல் வாங்குனாங்க. ஒரே ஒரு சேனல் வழியா ஓடற கரண்ட அளக்கற முறைய 1976ல நேஹர், சாக்மன் கொண்டாந்தாங்க, அதுக்கு 1991ல நோபல். ஃபெனிடாயின் என்ன பண்ணுதுன்னா, சோடியம் சேனல் ஒருதடவ தொறந்து மூடுனதும் அந்த மூடுன நெலைலயே கூட கொஞ்ச நேரம் புடிச்சு வச்சுக்கும். அதனால கட்டுக்கடங்காம வேகமா வெடிக்கற செல்லத்தான் அதிகமா அடக்கும், சும்மா தன் வேலைய பாத்துட்டு இருக்கற செல்ல அவ்ளோ தொடாது. கார்பமாஸிபைனும் ஏறக்கொறைய இதே வழிதான். எவ்ளோ அழகான வேல பாருங்க, இத தெரிஞ்சுகிட்ட நாள்ல இருந்து அந்த அட்டைய எடுத்து குடுக்கறப்போ எனக்கே ஒரு மரியாதை வருது.

ஆனா அது கரண்ட அடக்குது, அவ்ளோதான். அந்த எடத்துல ஏன் கரண்ட் தறிகெட்டு போச்சோ அந்த காரணத்த தொடறதில்ல. அதனாலதான் மாத்திரைய விட்டா திரும்ப வருது. எங்க ஆளுங்க மாத்திரைய விடறதுக்கு காரணமும் ஆயிரம் இருக்கு. பெங்களூருக்கு கட்டட வேலைக்கு போனேன், சீட்டு ஊர்லயே மாட்டிக்கிச்சும்பாங்க. மூணு மாசமா வரவே இல்ல, சரியாயிடுச்சுன்னு நிறுத்திட்டேன்னுவாங்க. பொண்ணுக்கு மாப்ள பாக்கறாங்க, வீட்ல மாத்திரை அட்டை கெடந்தா வர்றவங்க கேப்பாங்கன்னு தூக்கி போட்டுட்டோம்னு ஒரு அம்மா சொன்னாங்க. ஃபெனிடாயின்ல இன்னொரு தொல்லை, ஒரு அளவுக்கு மேல கொஞ்சமே கொஞ்சம் டோஸ் ஏத்துனாலும் ரத்தத்துல அளவு எக்கச்சக்கமா ஏறிடும், தள்ளாட்டம் வரும், வருசக்கணக்கா சாப்ட்டா ஈறு தடிச்சு பல்ல மூடும். அதனால விட்ட மாத்திரைக்கு பதிலா சேத்து ரெண்டா போட்டுக்கறேன்னு வர்றவங்கள உக்கார வச்சு பேச வேண்டியிருக்கு.

இப்ப புழு விஷயம்.

"நாங்க சுத்த சைவம், பன்னிக்கறி வாசனையே ஆகாது, எங்க புள்ளைக்கு எப்டிங்க நாடாப்புழு?" இந்த கேள்வி கேக்காத குடும்பம் இல்ல. டாக்டரு ஸ்கேன பாத்து புழுக்கட்டின்னு சொல்லிட்டு அடுத்த டோக்கன கூப்ட்டுடுவாரு, வெளக்கம் கேக்க என்கிட்ட வருவாங்க. சரியா வேகாத பன்னிக்கறிய சாப்ட்டா வயித்துலதான் புழு வளரும், மூளைல இல்ல. வயித்துல புழு இருக்கற ஆளு வெளிக்கி போறப்போ முட்டை வெளில வரும், அது கை வழியா, தண்ணி வழியா, கழுவாத கீரை கொத்தமல்லி வழியா அடுத்தவங்க வாய்க்குள்ள போனா அந்த முட்டைல இருந்து வர்ற குஞ்சு ரத்தத்துல ஏறி மூளைல போய் உக்காரும். அதனால கறியே தொடாத வீட்லயும் வரும், கறி சாப்ட்டவனுக்கு வராமலும் போகலாம். இத சொன்னா நம்பறதுக்கே கொஞ்ச நேரம் புடிக்குது, சில பேரு எங்க ஜாதிய பத்தி பேசறியான்னு மொறைக்கறாங்க, அது வேற கத.

இதுக்கும் நம்ம மண்ணுக்கும் ஒரு வரலாறு இருக்குங்க. முன்னாடியெல்லாம் ஃபிட்ஸ் வந்தவங்களுக்கு சிடி ஸ்கேன்ல ஒத்தையா ஒரு சின்ன வட்டம் தெரிஞ்சா அது டிபி கட்டின்னு நெனச்சு மாசக்கணக்கா டிபி மாத்திரை குடுப்பாங்க. 1980கள் கடைசில வேலூர் சிஎம்சி நரம்பியல் டாக்டருங்க அந்த கட்டிகள எடுத்து பாத்து, இதுல பெரும்பாலானது செத்துட்டு இருக்கற நாடாப்புழுன்னு நிரூபிச்சாங்க. இந்தியா பூரா வைத்தியமே மாறிச்சு. அதே கூட்டத்துல இருந்த டாக்டர் வேதாந்தம் ராஜசேகரும் கூட இருந்தவங்களும் வேலூர் மாவட்டத்துல 50,000 பேருக்கு மேல கணக்கெடுத்து 2006ல எழுதுனாங்க, 1000 பேர்ல 3.83 பேருக்கு நடப்புல வலிப்பு இருக்கு, அவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு புழுதான் காரணம்னு. மூணுல ஒருத்தர்ங்க. அப்போ திருப்பத்தூரு வேலூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு, எங்க ஊத்தங்கரைக்கு பக்கத்து ஊரு. அதே மண்ணு, அதே கெணத்து தண்ணி, அதே மாதிரி தெருவுல திரியற பன்னி. எங்க மாவட்டத்துல மட்டும் கணக்கு வேற மாதிரி இருக்கும்னு எனக்கு தோணல.

உங்களுக்கு இதுல என்ன வேலன்னு கேட்டா, இங்கதான் விஷயமே. அந்த புழு உசுரோட இருக்கற வரைக்கும் பெரும்பாலும் ஒன்னும் ஆகாது. வருசக்கணக்கா மூளைக்குள்ளயே குடியிருக்கும், உடம்போட எதிர்ப்பு சக்திய அதுவே அமுக்கி வச்சுக்கும். சாக ஆரம்பிக்கறப்போதான் அமுக்கி வச்சது விட்டுப்போய், மைக்ரோகிளியா, ரத்தத்துல இருந்து வர்ற செல்லு எல்லாம் சூழ்ந்துக்கும், வீங்கும், அப்பதான் மொத ஃபிட்ஸ். வீக்கம்தான் வலிப்ப கொண்டாருதுன்னு இத விட வெளிப்படையா காட்டற நோய் வேற எது? நீங்க லேப்ல எலிக்கு கைனிக் ஆசிட், பைலோகார்பின்னு ஊசி போட்டு வலிப்ப வரவச்சு பாக்கறீங்க, இங்க அது தானா நடக்குது, நாள் தேதியோட, ஸ்கேனோட.

மைக்ரோகிளியாக்கு 1919ல ஹோர்ட்டேகான்னு ஸ்பெயின் நாட்டுக்காரரு பேரு வச்சாரு. அது சும்மா குந்தியிருக்கற செல்லு இல்ல, நேரம் முழுக்க கைய நீட்டி நீட்டி அக்கம்பக்கத்த தடவி பாத்துட்டே இருக்குன்னு 2005லதான் உசுரோட இருக்கற எலி மூளைல பாத்தாங்க. அந்த கைய நீட்டறதுக்கே ஒரு பொட்டாசியம் சேனல் வேணும், திக்-1னு பேரு, அத அடைச்சா தடவி பாக்கறதும் கொறையுது, வீக்கத்த தூண்டற இன்டர்லூகின்-1 பீட்டாவும் கம்மியா வருதுன்னு லண்டன்ல டேவிட் அட்வெல் லேப்ல இருந்து 2018ல வந்துச்சு. இத படிச்சுட்டு ரொம்ப நேரம் யோசிச்சுட்டு இருந்தேன், நான் விக்கற மாத்திரை எல்லாமே நரம்பு செல்லோட சேனல்லயும் சிக்னல்லயும்தான் கை வைக்குது, இவங்க காவல் காக்கற செல்லோட சேனல பாக்கறாங்க, இது வேற வழி ஆச்சேன்னு.

நான் புரிஞ்சுகிட்ட வரிச இது, தப்பிருந்தா திருத்துங்க. செல்லு அடிபட்டா அது சக்திக்கு வச்சிருக்கற ஏடிபிங்கற சரக்கு வெளில கசியும். மைக்ரோகிளியால பி2எக்ஸ்7னு ஒரு சேனல் அந்த ஏடிபிய மோந்து தொறக்கும். பொட்டாசியம் வெளில ஓடும். உள்ள பொட்டாசியம் கொறைஞ்சத பாத்து என்எல்ஆர்பி3னு ஒரு புரதக் கூட்டம் ஒன்னு சேந்து இன்டர்லூகின்-1 பீட்டாவ வெட்டி வெளில அனுப்பும். அது பக்கத்து நரம்பு செல்லுல என்எம்டிஏ சேனல இன்னும் அதிகமா கால்சியம் விடற மாதிரி மாத்திடும், இத மிலன்ல அனமரியா வெஸ்ஸானி மாதிரி ஆளுங்க வருசக்கணக்கா உக்காந்து பாத்திருக்காங்க. இன்னொரு பக்கம், வெளில சேர்ற பொட்டாசியத்த உறிஞ்சி சுத்தம் பண்ற ஆஸ்ட்ரோசைட்ங்கற துணை செல்லோட கேஐஆர்4.1 சேனல் வீக்கத்துல கொறைஞ்சு போகுது, பொட்டாசியம் தேங்குது, நரம்பு செல்லு தொட்டா வெடிக்கற நெலைக்கு வந்துருது. ஆக ஃபிட்ஸ் வர்றதுக்கு முன்னாடி இத்தன சேனல் இருக்கு, நம்ம கைல இருக்கற மாத்திரை கடைசி ஒன்னு ரெண்டத்தான் புடிக்குது.

இந்த வரிசைல எவ்ளோ புழுக்கட்டிக்கு பொருந்தும்? இதத்தான் கேக்கறேன். கேப்டவுன் பல்கலைக்கழகத்துல ஜோசஃப் ரைமாண்டோ லேப்ல, நாடாப்புழு குஞ்சுக்குள்ளயே நரம்ப கெளப்பி விடற குளூட்டமேட் நெறைய இருக்கு, அது நேரா நரம்பு செல்லோட குளூட்டமேட் சேனல தொறந்து செல்ல வெறியேத்துதுன்னு காட்டியிருக்காங்க, எலி மூளைல மட்டும் இல்ல, ஆபரேசன்ல எடுத்த மனுச மூளை துண்டுலயும். பாருங்க, தென்னாப்பிரிக்காக்காரங்களுக்கு அவங்க ஊரு கிராமத்துல இருக்கற நோய்னு தோணியிருக்கு, செஞ்சிருக்காங்க. அப்போ வலிப்புக்கு எவ்ளோ பங்கு புழுவோட குளூட்டமேட், எவ்ளோ பங்கு நம்ம வீக்கம்? உசுரோட இருக்கறப்போ ஏன் சும்மா இருக்கு? இதுக்கெல்லாம் இங்க வேலூர்லயும் பெங்களூரு நிமான்ஸ் நரம்பு ஆஸ்பத்திரிலயும் வர்ற நோயாளிங்கள விட நல்ல எடம் உலகத்துல எது?

இதுல எனக்கு ரொம்ப உறுத்தறது ஒன்னு இருக்கு. புழு செத்து கரைஞ்சு போனவங்களுக்கு பெரும்பாலும் மாத்திரைய கொஞ்ச காலத்துல டாக்டரு நிறுத்திடுவாரு. ஆனா சில பேருக்கு அந்த எடத்துல சுண்ணாம்பு படிஞ்ச ஒரு புள்ளி நின்னுடும். பல வருசம் கழிச்சு திடீர்னு அந்த புள்ளிய சுத்தி நீர் கோத்து திரும்ப ஃபிட்ஸ் வரும். செத்துப்போன புழு, அதுவும் சுண்ணாம்பா போனது, எதுக்குங்க இத்தன வருசம் கழிச்சு வீக்கத்த கெளப்புது? அப்டி ஒருத்தரு எங்க கடைக்கு வர்றாரு, டிராக்டர் ஓட்டறவரு, இப்ப ஓட்டறதில்ல, சம்சாரம் தீர்த்தமலை பக்கம் கூலிக்கு போகுது. அவருகிட்ட பதில் சொல்ல என்கிட்ட ஒன்னும் இல்ல.

இன்னைக்கு வீக்கத்துக்குன்னு இருக்கறது ஸ்டீராய்டுதான். புழுவ கொல்ல அல்பென்டசோல் குடுத்தா புழு ஒரேயடியா சாகும், வீக்கம் ஏறும், அதனால கூடவே பிரெட்னிசலோனோ டெக்ஸாவோ குடுக்கறாங்க, அது சரியான முறைதான். ஆனா ஸ்டீராய்டு எல்லாத்தையும் ஒரேயடியா அமுக்கும், சுகர் ஏறும், வயிறு எரியும், மொகம் ஊதும், டிபி ஒளிஞ்சிருந்தா தலைதூக்கும். இதோட ஒரு கெட்ட பழக்கம், ஸ்டீராய்டு போட்ட வாரம் நல்லா பசிக்கும், தெம்பா இருக்கும், அதனால "அந்த தெம்பு மாத்திரைய குடுங்க"ன்னு சீட்டு இல்லாம வந்து நிப்பாங்க. குடுக்க மாட்டேன், நாலு கடை தள்ளி கெடைக்கும்னு அவங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். பி2எக்ஸ்7 மாதிரி ஒரே ஒரு சேனல மட்டும் அடைக்கற மாத்திரை, மூளைக்குள்ள போற மாத்திரை, புழு சாகற அந்த சில வாரத்துக்கு மட்டும் குடுக்கற மாதிரி வந்தா? ஆசைதான், தெரியும்.

ஆசைல மயங்கற ஆளும் நான் இல்லிங்க. பி2எக்ஸ்7 அடைப்பான்கள மூட்டுவாதத்துக்கு மனுசங்களுக்கு குடுத்து பாத்தப்போ எலில தெரிஞ்ச பலன் தெரியல. பொட்டாசியம் சேனல தொறந்து வலிப்ப அடக்கற ரெட்டிகாபின்னு ஒரு மருந்து வந்துச்சு, புதுசு புதுசுன்னு பேசுனாங்க, தோலும் கண்ணும் நீலமாகுதுன்னு தெரிஞ்சுது, அப்புறம் வாங்கறவங்க ரொம்ப கம்மின்னு 2017ல கம்பெனியே நிறுத்திடுச்சு. சேனல் உடம்பு பூரா இருக்கு, ஒன்ன அடைச்சா எங்க போய் இடிக்கும்னு யாருக்கு தெரியும். அதனால அவசரப்படுங்கன்னு சொல்லல. அவசரப்படறது உங்க காலேஜ்ல இருந்து நியூஸ் அனுப்பறாங்களே அவங்கதான். "வலிப்பு நோய்க்கு விடிவு, விஞ்ஞானிகள் சாதனை"ன்னு வரும், உள்ள போய் பாத்தா எலி. அந்த பேப்பர் கட்டிங்க போன்ல காட்டி "இது வந்துருச்சாங்க, ஸ்டாக் இருக்கா"ன்னு கேக்கறவங்களுக்கு, இது இன்னும் எலிக்குத்தாங்கன்னு சொல்ற வேல என்னோடது. தலைப்புலயே எலின்னு போட்டா என்ன கொறைஞ்சுடும்?

நடுவுல ஒரு சின்ன விஷயம், சும்மா சந்தோசத்துக்கு சொல்றேன். சேனல அடைக்கறதுக்கு நீங்க லேப்ல வச்சிருக்கற சரக்குல பாதி தேளு, கடல் அனிமோன் விஷம். வீக்கம் பண்ற செல்லுல இருக்கற கேவி1.3 சேனல அடைக்க மார்கடாக்சின்னு ஒன்னு, மத்திய அமெரிக்கா தேளுல இருந்து. ஆனா பிகேன்னு ஒரு பொட்டாசியம் சேனல அடைக்கற ஐபீரியோடாக்சின் இருக்கே, 1990ல பிரிச்சது, அது நம்மூரு செந்தேளோட விஷம்ங்க! எங்க கொல்லைல கல்ல பொரட்டுனா வாலத்தூக்கிட்டு நிக்குமே அதே ஜாதி. எங்க தேளு உலகம் பூரா லேபுக்கு போயிருக்கு, லேப்ல இருக்கறவங்கதான் இன்னும் எங்க ஊருக்கு வரல.

புழு இல்லாம இன்னொன்னும் இருக்கு, அத சொல்லாம விட முடியாது. நல்லா இருந்த பொண்ணு, காலேஜ் போற வயசு, ஒரு வாரம் காய்ச்சல் தலவலி, அப்புறம் சம்பந்தமில்லாம பேசும், தூங்காது, வாய கோணும், கைகால் தன்னால ஆடும், ஃபிட்ஸ் வரும். எங்க பக்கம் மொதல்ல கோயிலுக்குத்தான் போவாங்க, காத்து சேட்டைம்பாங்க, வேப்பில அடிப்பாங்க, அடுத்து மனநல டாக்டரு. இதுல சில பேருக்கு வந்திருக்கறது என்எம்டிஏ சேனலுக்கு எதிரா உடம்பே ஆன்ட்டிபாடி பண்ணிக்கற மூளை வீக்கம். 2007ல ஜோசப் டால்மாவ்ங்கற டாக்டரு சொன்னப்பறம்தான் உலகத்துக்கே இது தெரியும். 2013ல 577 நோயாளிங்கள வச்சு எழுதுனதுல 468 பேரு பொம்பளைங்க, 211 பேரு 18 வயசுக்கு கீழ, வைத்தியம் பண்ணி ரெண்டு வருசம் வரைக்கும் பாத்தவங்கள்ல சுமார் 80 சதவீதம் பேரு நல்லா தேறியிருக்காங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா இன்னும் நல்லது. சில பொண்ணுங்களுக்கு சினைப்பைல கட்டி இருக்கும், அத எடுக்கணும். அயான் சேனலும் மூளை வீக்கமும் ஒரே எடத்துல முட்டிக்கிற நோய் இது, அடையாளம் கண்ட சில வருசத்துலயே வைத்தியமும் அமைஞ்சுது, ஆராய்ச்சின்னா இப்டி இருக்கணும். ஆனா அந்த ஆன்ட்டிபாடி டெஸ்ட்டுன்னா என்னன்னு ஒரு தாலுக்கா ஊர்ல யாருக்கு தெரியும்? கோயிலுக்கு போகாதீங்கன்னு நான் சொல்றதில்ல, சொன்னா கடைக்கே வரமாட்டாங்க. போறது போங்க, அதே வாரத்துல தர்மபுரி மெடிக்கல் காலேஜ்ல நரம்பு டாக்டரையும் பாருங்க, அங்க இருந்து நிமான்ஸ் அனுப்புனா தயங்காம போங்கன்னு சொல்லுவேன். கோடாங்கிக்கும் புரியற மாதிரி இத ஒரு பக்கம் எழுதி குடுக்க உங்கள்ல ஒருத்தர் கூடவா இல்ல?

கொழந்தைங்க ஜன்னி பத்தி சுருக்கமா. ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசுக்குள்ள காய்ச்சல்ல ஃபிட்ஸ் வர்றது 100ல 2ல இருந்து 5 கொழந்தைக்கு, முக்காவாசி தானா சரியாயிடும். கைல இரும்பு குடுக்கறது, வாய்ல ஸ்பூன் வைக்கறது, சூடு போடறது எதுவும் வேணாம், ஒருக்களிச்சு படுக்க வைங்க, அஞ்சு நிமிசம் தாண்டுனா 108. ஆனா இதுல கொஞ்சமே கொஞ்சம் பேருக்கு எஸ்சிஎன்1ஏன்னு சோடியம் சேனல் ஜீன்ல கோளாறு, அந்த நோய்க்கு டிராவெட்னு பேரு, ஜீன் கோளாற கண்டுபிடிச்சது 2001ல. அவங்களுக்கு நான் மேல புகழ்ந்தேனே அந்த ஃபெனிடாயின், கார்பமாஸிபைன், அதே மாத்திரை வலிப்ப இன்னும் மோசமாக்கும், ஏன்னா அடக்கற வேல பாக்கற நரம்பு செல்லோட சேனல்தான் அங்க பழுதானது. எந்த கொழந்தைக்கு இதுன்னு கவுன்ட்டர்ல நின்னு எனக்கு தெரிய வழியே இல்ல.

நீங்க வந்து வேல செய்யறதா இருந்தா சில விஷயம் மனசுல வைங்க. ரத்தம் எடுக்கறப்போ கையெழுத்து வாங்கற தாளு தமிழ்ல இருக்கணும், கோர்ட்டு பத்திரம் மாதிரி தமிழ் இல்ல, பேசற தமிழ். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம்னா தெலுங்கு, கன்னடம் பேசறவங்க, அவங்களுக்கு அதுல. ரத்தம் எடுத்தவங்களுக்கு என்ன தெரிஞ்சுதுன்னு திரும்ப வந்து சொல்லணும், ஒன்னும் தெரியலன்னா அதையும் சொல்லணும். முன்னாடி ஏதோ சர்வேன்னு வந்து ஒரு ஊரையே வரிசைல நிக்க வச்சு ரத்தம் எடுத்துட்டு போனவங்க இன்னைக்கு வரைக்கும் ஒரு சீட்டு அனுப்பல, அதுல இருந்து வெள்ள கோட்ட பாத்தாலே அந்த ஊர்ல பெரிசுங்க காட்டுக்கு போயிடறாங்க. அப்புறம் மருந்துன்னு யோசிக்கறப்போ மாத்திரையா யோசிங்க. இன்டர்லூகின்-1அ தடுக்கற அனகின்றா மாதிரி ஊசிய சில கொடிய வலிப்புக்கு குடுக்கறாங்கன்னு படிச்சேன், சந்தோசம், ஆனா அது தெனமும் போடற ஊசி, ஃப்ரிட்ஜ்ல வைக்கணும். கோட்டப்பட்டிக்கு மேல மலைல கரண்ட் போனா எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.

இன்னொன்னு, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளிலதான் 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, நல்லா நடக்குது. அதே பையில வலிப்பு மாத்திரையும் வீடு தேடி போகணும்னு நீங்க ஒரு வரி அரசாங்கத்துக்கு எழுதுனா அதுக்கு மதிப்பு இருக்கும். புது சேனல் மருந்து வர வருசம் ஆகும், அது வரைக்கும் 1938 மாத்திரையாவது விட்டுப்போகாம கெடைக்கணும்ல.

வர்றதா இருந்தா சொல்லிட்டு வாங்க, கூட்டம் சேக்கறது என் பொறுப்பு. காலைல ஓபி முடியற வரைக்கும் கடைல நிக்க எடம் இருக்காது, மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல வாங்க. டிராக்டர்கார அண்ணன்கிட்ட ஸ்கேன் எல்லாம் பத்திரமா வச்சிருக்க சொல்லியிருக்கேன், பழசும் புதுசும்.

இப்படிக்கு,
ஒரு மெடிக்கல்காரர்,
அரூர், தர்மபுரி மாவட்டம்.